மோவாய் வைத்துக்கொள்ள வருகிறவர்களுக்கு

போன வாரம் பெனசீர் போன் செய்தாள். கோட்டக்குப்பத்துப் பெண். நான் ஓய்வு பெறும்வரை எனக்குக் கீழே ஆபரேஷன் தியேட்டரில் வேலை பழகியவள். புதுச்சேரியில் அதே கிளினிக்கில் இப்போது அவள்தான் சீனியர் சிஸ்டர்.

"சிஸ்டர், நம்ம கிளினிக் வீடியோ பாத்தீங்களா?"

பார்த்திருந்தேன். என் அக்கா மகள் அனுப்பியிருந்தாள். ஒரு பெண் கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் நிற்கிறாள். மோவாய் சின்னதாக இருக்கிறது. விரலைச் சொடுக்குகிறாள். மோவாய் முளைத்துவிடுகிறது. பின்னணியில் குத்துப்பாட்டு. மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்தால் புது முகத்தோடு ஆபீசுக்குத் திரும்பிவிடலாம் என்று கீழே எழுதியிருந்தார்கள். நான் அந்தத் தியேட்டரில் நின்ற காலம் முழுவதும், மோவாயில் சிலிகான் வைத்துக்கொண்ட அன்று மதியச் சாப்பாடு சாப்பிட்ட ஒரு ஆளைப் பார்த்ததில்லை. கஞ்சி குடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதுவும் பாதி கழுத்தில் வழியும். உதடு மரத்திருப்பதால் வழிவதே அவர்களுக்குத் தெரியாது.

"அந்த வீடியோவ பாத்துட்டு தெனமும் வர்றாங்க சிஸ்டர். பெரிய டாக்டர் இருந்த வரைக்கும் அவரே உக்கார வெச்சி பேசுவாரு. இப்ப யாரும் ஒண்ணும் சொல்றதில்ல. நீங்க ரெண்டு வரி எழுதிக் குடுங்க, பிரிண்ட் எடுத்து சுவத்துல ஒட்டிடறேன்."

ரெண்டு வரியில் சொல்லி முடிக்க எனக்கு வராது. அவளுக்கு அது நன்றாகத் தெரியும்.

என் பெயர் ஆரோக்கியமேரி. மரக்காணம். எங்கள் பங்குச் சாமியார் எழுதிக் கொடுத்த சிபாரிசில் நர்சிங் சேர்ந்தேன். படிப்பு முடிந்ததும் அரசு ஆஸ்பத்திரி தீக்காய வார்டில் சில வருஷம், பிறகு இந்த கிளினிக். படித்த காலத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஊசி போடக் கற்றுக்கொண்டேன், வாயை மூடிக்கொண்டிருக்கக் கற்றுக்கொண்டேன். மரக்காணத்துக்காரிக்கு இரண்டாவதுதான் கஷ்டம்.

பிளாஸ்டிக் சர்ஜரி கிளினிக்கில் வேலை என்று ஊரில் சொன்னபோது, மீன் விற்கும் அம்மா ஒருத்தி, "பிளாஸ்டிக்னா குடம், பக்கெட் செய்றாங்களே, அந்த பிளாஸ்டிக்கா சிஸ்டரம்மா?" என்று கேட்டாள். நான் சிரித்தேன். பிற்பாடு படித்தவர்கள் வந்து கேட்ட கேள்விகளைக் கேட்டபோது, அந்த அம்மா கேட்டதில் தப்பே இல்லை என்று தோன்றியது. உள்ளே வைக்கப்போகும் பொருள் என்ன என்று அவளாவது கேட்டாள்.

பெரிய டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் அறையில் கைப்பிடி இல்லாத ஒரு ஸ்டூல் ஜன்னலை ஒட்டி இருக்கும். வருகிறவர் அதில்தான் உட்கார வேண்டும். போனை வாசலில் கூடையில் போட்டுவிட்டு வர வேண்டும். முதல் சண்டையே அங்கேதான் ஆரம்பிக்கும், ஏனென்றால் எல்லாரும் தங்கள் குறையைப் போனில்தான் கண்டுபிடித்திருப்பார்கள். போனை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து எடுத்தால் மூக்கு பெருத்து மோவாய் சுருங்கித்தான் தெரியும். அதைப் பார்த்துப் பயந்து இங்கே ஓடி வருவார்கள். டாக்டர் ஒரு சாதாரணக் கைக்கண்ணாடியைக் கொடுத்து, "எது பிடிக்கல, காட்டுங்க" என்பார். பிறகு தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைக்க ஆரம்பிப்பார். அவர் துடைத்து முடிப்பதற்குள் பாதிப் பேருக்கு எதைக் காட்டுவது என்று சந்தேகம் வந்துவிடும்.

திண்டிவனத்திலிருந்து ஒரு பிளாட் வியாபாரி வந்தார். கழுத்தில் தடியாகச் சங்கிலி, கையில் பிரிண்ட் போட்ட போட்டோ. தாடை செதுக்கி வைத்தது போல, கன்னம் மேடு தட்டி, தோல் பளபளவென்று.

"இது யாரு?" என்றார் டாக்டர்.

"நான்தான் சார். மச்சான் பொண்ணு போன்ல ஏதோ பண்ணிக் குடுத்துச்சு. இந்த மாதிரி பண்ணிடுங்க."

"இது நீங்கன்னா, இங்க உக்காந்திருக்கறவரு யாரு?"

அவர் சுற்றிலும் ஒரு முறை பார்த்தார், வேறு யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று. நான் மருந்து அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்ததாக டாக்டர் பல்லைக் கடிக்கச் சொல்வார். மரக்குச்சியால் உதட்டை விலக்கிக் கீழ்ப் பல் வரிசை எங்கே நிற்கிறது என்று பார்ப்பார். சிலருக்குத் தாடையே பின்தங்கி இருக்கும். அவர்களுக்கு மோவாயில் எதை வைத்தும் பிரயோஜனம் இல்லை, தாடை எலும்பைப் பார்க்கும் பல் டாக்டரிடம்தான் போக வேண்டும். பிறகு சிகரெட் உண்டா என்று கேட்பார். இல்லை என்பார்கள். கேட்டுக்கொண்டே அவர்கள் விரல் நுனியைப் பார்ப்பார். புகை பிடிக்கிறவனுக்குப் புண் ஆறுவது தாமதம், வைத்த பொருள் வெளியே வந்துவிடும் வாய்ப்பும் அதிகம். சர்க்கரை இருக்கிறவர்களுக்கும் அப்படித்தான். இதையெல்லாம் மறைத்து ஜெயித்துவிட்டதாக நினைக்கிறவர்கள் யாரை ஏமாற்றினார்கள் என்பது ஒரு மாதம் கழித்துத்தான் அவர்களுக்குப் புரியும்.

கடைசியாக மேஜை டிராயரைத் திறந்து சிலிகான் துண்டு ஒன்றை எடுத்து அவர்கள் உள்ளங்கையில் வைப்பார். பிறை வடிவத்தில், வெள்ளையாக, அழுத்தினால் கொஞ்சம் அமுங்கும்.

"கொஞ்ச நேரம் கையில வெச்சிருங்க. இது இனிமே உங்க எலும்பு மேல இருக்கும். தூங்கறப்ப, சாப்பிடறப்ப, பொண்டாட்டி மூஞ்சியத் தொடறப்ப. நகரலாம். சீழ் புடிக்கலாம். அடியில இருக்கற எலும்பு கொஞ்சம் தேயலாம். உதடு மரத்துப் போயி, வாரக்கணக்குல திரும்பாம இருக்கலாம். சில பேருக்கு முழுசா திரும்பறதே இல்ல. ஒண்ணும் ஆகாமலும் இருக்கலாம், நிறைய பேருக்கு அப்படித்தான். எதுவா இருந்தாலும் சரின்னு தோணினா அடுத்த மாசம் வாங்க."

பிறகு இரண்டு கேள்வி. "வீட்ல ஏதாவது விசேஷம் வெச்சிருக்கீங்களா?" "வீட்ல யாருக்குத் தெரியும்?" கல்யாணத்துக்குத் தேதி குறித்துவிட்டு வருகிறவனுக்குக் கத்தி வைக்க மாட்டார். வீக்கம் வடிய மாதங்கள் ஆகும், நாள்காட்டி பார்த்து அது வடியாது. வீட்டில் ஒருவருக்கும் தெரியாமல் வருகிறவர்களையும் அனுப்பிவிடுவார். இப்படியே திருப்பி அனுப்பி அனுப்பி, எங்கள் மேனேஜருக்கு ரத்தக்கொதிப்பு வந்தது. அந்த வெயிலில் டை கட்டிக்கொண்டு வரும் மனிதர் அவர். நோயாளிகளை 'கிளையண்ட்' என்பார். "டாக்டர் கிளையண்ட்ட தொரத்தறாரு சிஸ்டர், நீங்களாவது சொல்லக் கூடாதா?" என்று என்னிடம் புலம்புவார். நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன்.

இந்த நிலையில்தான் பிரகாஷ் வந்தான்.

எங்கள் ஊர்ப் பையன். உப்பளத்தில் வேலை செய்யும் அஞ்சலையின் மகன். புருஷன் போன பிறகு உப்பு வாரிப் படிக்க வைத்தாள், அவன் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்துவிட்டான். அறைக்குள் என்னைப் பார்த்ததும் அவன் முகம் வாடிவிட்டது. உடனே சமாளித்துக்கொண்டான். படித்த பையன், பொய்யையும் திட்டம் போட்டுத்தான் சொன்னான்.

விசேஷம் எதுவும் இல்லை என்றான். அம்மாவுக்குத் தெரியும் என்றான். வெளியே வந்ததும் தாழ்வாரத்தில் என்னிடம், "சிஸ்டர், அம்மாதான் போய்ட்டு வான்னு அனுப்பிச்சு. ஆனா ஊருல தெரிஞ்சா அதுக்கு ஒரு மாதிரி இருக்குமாம். நீங்க பாத்தாகூட இதப் பத்தி எடுக்காதீங்க" என்றான். நான் என்ன செய்வேன்? ஊரில் யாராவது மூக்குத்தி மாற்றினாலே மூன்று தெருவுக்குப் பேச்சு. அஞ்சலை அப்படிச் சொல்லியிருப்பாள் என்று நம்பினேன். என் வாய்க்கு அவனே பூட்டுப் போட்டுவிட்டுப் போயிருக்கிறான் என்பது பின்னால்தான் தெரிந்தது.

அடுத்த மாதமும் வந்தான். எல்லாப் பரிசோதனையும் சரியாக இருந்தது. கூட ஒரு நண்பன் துணைக்கு வந்தான்.

கீழுதட்டுக்கு உட்பக்கம் வெட்டித்தான் டாக்டர் உள்ளே போவார், வெளியில் தழும்பு தெரியாது. வாய்க்குள் வெட்டுவதில் கிருமிக்கு வசதி அதிகம், அதனால் முந்தின நாளிலிருந்தே வாய் கொப்பளிக்க வைப்போம். எலும்பை ஒட்டி சதையை மெதுவாகக் கிளப்பும்போது இரண்டு பக்கமும் ஒரு நரம்பு வெள்ளை நூலாகத் தெரியும். உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி கொண்டு வருவது அதுதான். அதைப் பார்த்ததும் டாக்டர் தவறாமல் சொல்வார்: "வீட்டுக்காரர் வந்துட்டாரு. நாம விருந்தாளி. மரியாதையா நடந்துக்கணும்." பிறகு எல்லாரும் கையுறை மாற்றுவோம். சிலிகானை மருந்துத் தண்ணீரில் முக்கி எடுத்து, கூடுமானவரை எதிலும் படாமல் உள்ளே செருகி, நகராமல் இருக்கச் சின்ன ஸ்குரூ போடுவார். அந்த நேரத்தில் தியேட்டரில் யாரும் பேசக் கூடாது, தும்மக் கூடாது. பேசினால் திட்ட மாட்டார். வேலையை நிறுத்திவிட்டு அந்த ஆளையே பார்த்துக்கொண்டிருப்பார். திட்டியிருந்தால் தேவலை என்று இருக்கும்.

பிரகாஷுக்கு எல்லாம் ஒழுங்காக நடந்தது. மோவாயைச் சுற்றி டேப் ஒட்டினோம். அனுப்பும்போது அவனிடமும் நண்பனிடமும் நானே சொன்னேன். தலையை உயர்த்தி வைத்துப் படுக்கணும். முதல் இரண்டு நாள் துணியில் சுற்றிய ஐஸ் மட்டும். சூடு கூடவே கூடாது. மரத்திருக்கிற இடம், வெந்தாலும் தெரியாது. நண்பன் போனைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினான். டேப் பிரிக்கிற வரை இருவரும் புதுச்சேரியில் ஏதோ லாட்ஜில் தங்கினார்கள். பிரித்த அன்று டாக்டருக்குத் திருப்தி. வீக்கம் இருந்தது, அது இருக்கத்தான் செய்யும். பிரகாஷ் கைக்கண்ணாடியைக் கீழே வைக்கவே இல்லை.

அதற்குப் பிறகு ஒரு மத்தியானம், காலை டியூட்டி முடித்து மரக்காணம் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். அஞ்சலை மூச்சு வாங்க ஏறி, பைகளை மடியில் அடுக்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எங்க அஞ்சலக்கா, பை பையா?"

"தட்டு வரிசைக்கு சாமான் வாங்கினு வர்றேன் சிஸ்டரம்மா. பிரகாசுக்கு நிச்சயம் வெச்சிருக்குது. வர்ற ஞாயித்துக்கெழம. நீங்க கண்டிப்பா வந்துடணும்."

விசேஷம் எதுவும் இல்லை என்று ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னவன் அவன்.

"இந்த நேரம் பாத்து கடவாப் பல்ல புடுங்கினு வந்து நிக்கிறான்" என்று அவளே தொடர்ந்தாள். "மெட்ராஸ்லயே பண்ணிக்கிட்டானாம். மூஞ்சி வீங்கி கெடக்குது. நிச்சயத்துக்குள்ள வடியணுமேன்னு அவனுக்கு ஒரே கவல. நான் உப்பு ஒத்தடம் குடுத்துனு இருக்கேன். நம்ம அளத்து உப்பு, கல்லு கல்லா, வாணல்ல போட்டு வறுத்து துணில கட்டி வெக்கிறேன். கடை உப்புல சூடு நிக்காது."

எங்கள் ஊரில் சளி, சுளுக்கு, பல்வலி, பிள்ளை பெற்ற இடுப்பு எல்லாவற்றுக்கும் உப்பு ஒத்தடம்தான். வீட்டுக்கு வீடு பின்கதவோரம் உப்பு மூட்டை நிற்கும். அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

"சூடு தாங்கறானா?" என்று கேட்டேன்.

"அத ஏன் கேக்கறீங்க. சின்னதுல ஒத்தடம்னாலே ஓடுவான். இப்ப எவ்ளோ சூடா வெச்சாலும் உக்காந்து போன் பாக்கறான். வலிக்குதாடான்னா, இல்லம்மா, இன்னும் வெய்யி, சீக்கிரம் வடியட்டும்ன்றான். நானும் கை வெச்சி பாத்துட்டுத்தான் வெக்கிறேன். சூடே தெரியல."

கை வைத்துப் பார்த்ததாகச் சொல்லி உள்ளங்கையை என் முன்னால் விரித்தாள். உப்புத் தண்ணீரில் ஊறி ஊறி, பாளம் பாளமாக வெடித்து, தடித்துப்போன கை. அடுப்பிலிருந்து சட்டியைத் துணி இல்லாமல் இறக்கும் கை. அந்தக் கை சூட்டைப் பார்க்கிறது. மரத்துப்போன மோவாய் அதை வாங்கிக்கொள்கிறது. தீக்காய வார்டில் வேலை பார்த்தவள் நான், மேற்கொண்டு எனக்குக் கேட்க எதுவும் இல்லை.

ஜன்னலுக்கு வெளியே உப்பு குவியல் குவியலாகக் கண்ணைக் கூசியது. அஞ்சலை அந்தப் பக்கம் திரும்பி, இந்த வருஷம் மழை பிந்தினால் நல்லது என்று ஏதோ சொன்னாள். அப்போதுதான் அவளைப் பக்கவாட்டில் பார்த்தேன். சின்ன மோவாய். உதட்டுக்குக் கீழே உள்வாங்கி, அப்படியே கழுத்தில் இறங்கிவிடுகிறது. ஸ்டூலில் உட்கார்ந்து பிரகாஷ் விரல் வைத்துக் காட்டியதும் இதே இடத்தைத்தான்.

என்ன ஆபரேஷன் என்று அவளிடம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. "அக்கா, பல்லுல சீழ் இருந்தா சூடு ஆகாது. நிறுத்திடுங்க. நான் இப்பவே வந்து பாக்கறேன்" என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை.

அவர்கள் வீட்டில் பிரகாஷ் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் கையால் மோவாயை மூடினான். கையை எடுக்கச் சொன்னேன். நடுவில் தோல் சிவந்து, கொப்புளம் உடைந்து, ஓரம் வெளுத்திருந்தது. கண்ணாடியில் தினமும் பார்த்திருக்கிறான். வீக்கம் உடைகிறது, நல்லதுதான் என்று நினைத்தானாம். கம்ப்யூட்டர் படித்தவன்.

"பல்லுதான் சிஸ்டர்" என்றான். கண் கெஞ்சியது.

"ஆமாம்பா. கெளம்பு. பல்லு டாக்டர்கிட்ட போலாம்."

"நானும் வர்றேன்" என்று அஞ்சலை செருப்பை மாட்டிவிட்டாள். கார் பிடித்துப் போனோம். கோட்டக்குப்பம் தாண்டும்வரை அவள் பல்லைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். அவன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்திருந்தான். எனக்கு அவனை நாலு அறை அறைய வேண்டும் போல இருந்தது.

டாக்டர் பார்த்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பிரகாஷ், அம்மா உள்ள இருக்கலாமா? நீங்க சொன்னாத்தான்."

அவன் தரையைப் பார்த்துத் தலையசைத்தான்.

"அம்மா, உங்க பையனோட பல்லு எல்லாம் அப்படியே இருக்குது. மோவாயில நாங்க ஒண்ணு வெச்சோம். அவர் கேட்டு வெச்சதுதான். அந்த எடம் மரத்திருந்ததால சூடு தெரியல, வெந்துடுச்சு. இது உங்க தப்பு இல்ல. உங்களுக்கு யாரும் சொல்லல."

"எதுக்கு சார் வெச்சீங்க?"

"மோவா சின்னதா இருக்குன்னு அவருக்குத் தோணிச்சு."

அஞ்சலை மகனைப் பார்த்தாள். கை தானாகப் போய்த் தன் மோவாயைத் தொட்டது.

"அது என் மோவாதான சார்" என்றாள்.

மேனேஜர் எதற்கோ கதவைத் திறந்தவர் அப்படியே சாத்திக்கொண்டு போய்விட்டார்.

அவனை அங்கேயே படுக்க வைத்து மருந்து ஏற்றி, தினமும் கட்டுப் பிரித்துத் தோல் பிழைக்குமா என்று பார்த்தோம். பிழைக்கவில்லை. ஒரு காலையில் புண்ணுக்கு நடுவில் வெள்ளையாகச் சிலிகான் எட்டிப் பார்த்தது. எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். எடுத்தோம், சுத்தம் செய்தோம், தைத்தோம். அஞ்சலை அதைப் பார்க்க வேண்டும் என்றாள். கழுவி ட்ரேயில் கொண்டுபோய்க் காட்டினேன். எடுத்து விரலால் அழுத்திப் பார்த்தாள்.

"ரப்பர் செருப்பு மாதிரி இருக்குது" என்றாள். பிறகு, "இதுக்கா சிஸ்டரம்மா, என் கையாலயே என் புள்ள மூஞ்சிய சுட்டேன்?" என்று கேட்டுவிட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து அழுதாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். நர்ஸ் தரையில் உட்காரக் கூடாது என்று மேனேஜர் ஒரு விதி வைத்திருந்தார். அன்று அவர் அந்தப் பக்கம் வந்திருந்தால் அவரைக் கடித்திருப்பேன்.

கட்டு மாற்றும்போது பிரகாஷை விட்டேனா? "டாக்டரை ஏமாத்தினே, என்னை ஏமாத்தினே, போகட்டும். பெத்தவகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா வாணலிய அடுப்புல வெச்சிருப்பாளா?" என்று கேட்டேன்.

போர்வை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்: "எப்படி சிஸ்டர் சொல்றது? உன் மோவா எனக்கு வேணாம்மான்னு எப்படி சொல்றது?"

அழுதான். கண்ணீர் மோவாய் வரை இறங்கிக் கட்டை நனைத்தது. அது அவனுக்குத் தெரியவில்லை. நான்தான் துடைத்தேன். அதற்கு மேல் எனக்குத் திட்ட வரவில்லை.

நிச்சயம் தள்ளிப்போனது. பல்லில் சீழ் என்று பெண் வீட்டுக்குச் சொல்லிவிடலாம் என்றார்கள் உறவுக்காரர்கள். பல் கதை போதும் என்று அஞ்சலை மறுத்துவிட்டாள். அவனே அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டு உள்ளதைச் சொன்னான். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "முன்னாடி மோவாய்ல என்ன இருந்துச்சு?" என்றாளாம். அவள் அதை ஒரு விஷயமாகக் கவனித்ததே இல்லை. இவன் ஆபரேஷன் தியேட்டர் வரை தூக்கிச் சுமந்த குறை.

பெனசீர், வைத்துக்கொள்வதே தப்பு என்று நான் எழுதுவதாக நினைக்காதே. மனசுக்குப் பிடித்து, எல்லாம் தெரிந்து, வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பவர்களை நீயும் நானும் பார்த்திருக்கிறோம். வருகிறவர்களிடம் இதைச் சொல். ஆபரேஷன் செய்யப்போவது பிளாஸ்டிக் சர்ஜனா, தாடை சர்ஜனா, இல்லை ரெண்டும் இல்லாமல் நல்ல சட்டை போட்ட ஆளா என்று கேட்கச் சொல். மயக்க டாக்டர் பக்கத்தில் இருப்பாரா என்று கேட்கச் சொல். உள்ளே வைக்கும் பொருளின் பெயர், எந்தக் கம்பெனி, அதன் ஸ்டிக்கர் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொள்ளச் சொல். வேண்டாம் என்றால் எப்படி எடுப்பார்கள் என்பதை வைப்பதற்கு முன்னாலேயே கேட்கச் சொல். அதற்குப் பதில் சொல்லத் தெரியாமல் சிரிக்கிறவர்களிடம் மூஞ்சியைக் கொடுக்க வேண்டாம் என்று சொல். வீடியோவில் சொடக்குப் போட்ட பெண்ணுக்கு வீக்கம் எப்போது வடிந்தது என்றும் கேட்கட்டும், மேனேஜருக்குக் கொஞ்சம் வேலை இருக்கட்டும்.

பிரகாஷுக்குப் பிறகு பெரிய டாக்டர் இன்னொரு கேள்வியும் சேர்த்துக்கொண்டார். சிலிகானைக் கையில் வைத்துவிட்டு, "நீங்க யாரு சாயல்?" என்பார். அப்பா மூக்கு, அத்தை கன்னம் என்று ஏதாவது வரும். "அவங்களுக்குத் தெரியுமா?" என்பார். சிலர் எரிச்சலோடு எழுந்து போனார்கள். சிலர், "தெரியுமே, வெளியில உக்காந்திருக்காங்க" என்றார்கள். அவர்களுக்குச் செய்தார்.

சுவரில் ஒட்ட ரெண்டு வரி கேட்டாயே. பிரகாஷ் கல்யாணத்தில் கேட்டதை வேண்டுமானால் ஒட்டிக்கொள்.

கல்யாணம் மறு வருஷம் நடந்தது. புண் ஆறி, மோவாய்க்கு நடுவில் காசளவு ஒரு தழும்பு. உணர்ச்சி பெரும்பாலும் திரும்பியிருந்தது. நான் முன் வரிசையில் அஞ்சலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மேடையில் போட்டோக்காரர் மாப்பிள்ளையைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தார். முகத்தைத் திருப்பச் சொன்னார். சிரிக்கச் சொன்னார். கேமராவைக் கண்ணிலிருந்து எடுத்து, ஏதோ குறைகிறது என்பது போலப் பார்த்துவிட்டு, "மாப்ள சார், மோவாய கொஞ்சம் முன்னாடி கொண்டாங்க. இன்னும் கொஞ்சம். பத்தல சார்" என்றார்.

பிரகாஷ் முகம் சிவந்தது. அம்மாவைப் பார்த்தான். அஞ்சலை பட்டுப்புடவைக் கொசுவத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மேடை ஏறி, மகனுக்குப் பக்கத்தில் போய் அதே பக்கவாட்டில் திரும்பி நின்றாள்.

"இருக்கறத எடுப்பா" என்றாள்.